வளவு வெளிச்சத்தில் பிள்ளையைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பிள்ளை பெற்று வருகிறவளுக்குப் பெரும்பாலும் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் உள்ளறைகளில் ஒன்றைத்தான் ஒதுக்கிக் கொடுப்பார்கள். தடித்த சுவர், சின்ன ஜன்னல், கனத்த தேக்குக் கதவு. சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல அறை கிடையாது. ஆனால் காற்றுப் படக் கூடாது, கண் படக் கூடாது என்று அந்தக் கதவையும் ஒருக்களித்துச் சாத்தி, மங்கலாக ஒரு பல்பைப் போட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியும் இருப்பார்கள். இதற்கு நடுவில் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை ஏறினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

குழந்தை மருத்துவராக இந்தப் பக்கம் வேலை பார்க்கிற நான் அடிக்கடி சந்திப்பது இதைத்தான். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் தூக்கி வருவார்கள். "நேத்து வரைக்கும் நல்ல நிறமா இருந்தான் டாக்டர்" என்பார்கள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் தொடை வரைக்கும் மஞ்சள் இறங்கியிருக்கும். பொய் சொல்லவில்லை, அந்த அறையில் அவர்களுக்குத் தெரிந்த நிறம் அதுதான்.

அதனால் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, தினமும் காலையில் ஒரு தடவை பிள்ளையை வளவுக்குத் தூக்கி வாருங்கள் என்பதே. வெயிலில் காட்ட வேண்டாம். தாழ்வாரத்து நிழலில் இருக்கிற பகல் வெளிச்சம் போதும். மஞ்சள் பூசுவதை மட்டும் ஒரு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள். துணியை விலக்கி, நெற்றி, நெஞ்சு, வயிறு, தொடை, உள்ளங்கால் என்று வரிசையாக விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்தின இடம் ஒரு நொடி வெளிறும்போது அடியில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். காமாலை முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். வயிற்றைத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிலேயே பாதிக்கு மேல் கொஞ்சமாவது காமாலை வரும். இரண்டாம், மூன்றாம் நாள் தொடங்கி, நாலு ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானே வடிந்துவிடும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் மட்டும் அது இந்த இயல்பான காமாலைக் கணக்கில் வராது. அம்மாவுக்கு ஓ பிரிவு ரத்தமோ நெகட்டிவ் ரத்தமோ இருந்தால், மாதம் முந்திப் பிறந்திருந்தால், முதல் பிள்ளைக்குக் காமாலைக்காக நீல விளக்குச் சிகிச்சை கொடுத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப் பொருளான பிலிரூபின் அளவு மிக அதிகமானால் மூளைக்குள் போய்விடும். காது கேட்காமல் போவதும், கைகால் இயக்கம் கெடுவதும் அதனால் வரும். பிறகு சரிசெய்ய முடியாது, அதற்கு முன்னால் தடுப்பது சுலபம்.

"காலை வெயில்ல காட்டினா போயிடும்னு சொல்றாக" என்று கேட்காத குடும்பம் இல்லை. இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு செவிலியர் குறைமாதப் பிள்ளைகளை வெயில் நேரத்தில் வெளியே தூக்கிப் போவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த மருத்துவர்கள் 1958இல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கு நாம் வைக்கும் நீல விளக்குச் சிகிச்சை அதிலிருந்து வந்தது. வேலை செய்வது வெயிலின் சூடு இல்லை, அதிலிருக்கும் நீல ஒளி. விளக்கில் அது எவ்வளவு விழுகிறது என்று அளந்து வைக்கிறோம். வெயிலில் அளவும் தெரியாது, அம்மணமாக அரை மணி நேரம் போட்டால் நம் ஊர்ப் பங்குனி வெயிலில் பிள்ளைக்கு நீர் வற்றிவிடும், நீர் வற்றினால் காமாலை கூடும். விளக்கு வைக்கச் சொன்ன பிள்ளையை வெயிலில் காட்டிச் சமாளிக்கலாம் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு மலம் கடுகு மஞ்சளாக இருக்கும். சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சையைப் பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். மூன்று மாதம் கழித்து வந்தால் எங்கள் கையில் அதிகம் இருக்காது.

சரி, பால் விஷயத்துக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால், அளவு கொஞ்சம்தான். பிறந்த பிள்ளையின் வயிறும் சின்னதுதான். சிசேரியன் ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடலாம். ஆனால் "பால் இன்னும் இறங்கல" என்று சொல்லி அந்த இடைவெளியில் சேனைத் தண்ணீர், சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், பவுடர் பால் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிடும். பிள்ளைக்கு வயிறு நிறைந்தால் மார்பைச் சப்பாது. சப்பாவிட்டால் பால் சுரப்பது தள்ளிப்போகும். அப்புறம் நிஜமாகவே பால் பற்றாது. தேனுக்கு ஒரு வயது வரை இடமே இல்லை. அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியின் விதை பிள்ளையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

சேனை வைக்கிற பெரியவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் பக்கத்து ஆசை. ஐயா கையால் தொட்டு வைக்க வேண்டும் என்றால், சுத்தமான கையில் அம்மாவின் சீம்பாலையே ஒரு சொட்டு எடுத்துத் தரச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து அதற்காகவே வந்திறங்கிய ஐயாக்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பால் பற்றுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். எடை முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2 கிலோ 700க்குக் கீழே போனால் அது எங்கள் வேலை.

நான் ரொம்பப் பயப்படுவது சமத்துப் பிள்ளைகளைப் பார்த்துத்தான். "ரொம்ப சமத்து டாக்டர், அழுறதே இல்ல, ராத்திரி பூராத் தூங்குறான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பிறந்த பத்து நாள் பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பாலுக்கு எழ வேண்டும். எழவில்லை என்றால் பால் பற்றாமல் சோர்ந்திருக்கலாம், காமாலை ஏறியிருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கும் பிள்ளையும் இப்படித்தான் சாதுவாகக் கிடக்கும், மலம் இறுகும், காமாலை இழுத்துக்கொண்டே போகும். பிறந்து 48 மணி நேரத்துக்கு அப்புறம் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்தில் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நம் பக்கம் அதிகம், அதில் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடும் என்பதால் காது கேட்கும் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

குளிப்பாட்டுகிற விஷயத்தில் ஆச்சிமாரோடு எனக்குச் சின்னச் சண்டை உண்டு. "நாங்க ஆறு பிள்ளைய இப்படித்தான் வளத்தோம், நீங்க என்ன சொல்றீக?" என்பார்கள். அந்த ஆச்சிகளின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இப்போது பல வீடுகளில் ஆச்சியே சென்னையிலிருந்து மகள் பிரசவத்துக்காக வந்து வீட்டைத் திறந்திருக்கிறார். குளிப்பாட்டக் கூலிக்கு ஒரு அம்மா வருகிறார். அவர் காலையில் நாலு வீடு முடித்துவிட்டு வருவார். அந்தக் கை சோப்புப் போட்டுக் கழுவப்பட்டதா என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. கேளுங்கள்.

தேங்காய் எண்ணெய் தேய்த்து இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டுவது நல்லதுதான். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது இரண்டும் வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு சற்று வீங்கிப் பால் கசியலாம். தாயின் ஹார்மோன் வேலை அது, தானே வற்றும். பிழிந்தால் சீழ் பிடிக்கும். அதைக் கீறி எடுக்க வேண்டி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் துளி ரத்தம் படுவதும் அதே காரணம்தான், பயப்பட வேண்டாம்.

தொப்புளில் எதுவும் வைக்காதீர்கள். விபூதி, சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும். காய விட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் விழுந்துவிடும். சுற்றிலும் சிவந்து வீங்கினால், சீழ் வாடை வந்தால் வாருங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம், கடை மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையே இல்லை. வசம்பும் சாதிக்காயும் உரசிக் கொடுப்பதில் அளவு யாருக்கும் தெரியாது, உரைகல் சுத்தமும் தெரியாது. கொடுத்த பின் மயங்கினாற்போல் தூங்கும் பிள்ளைகள் வருகிறார்கள். வசம்பு வளையலும் வாய்க்குத்தான் போகும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சாம்பிராணிப் புகை அம்மாவின் முடிக்கு வேண்டுமானால் போடுங்கள், பிள்ளையை வேறு அறையில் வைத்துவிட்டு.

மே மாதத்தில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகிற நாளிலும் கம்பளிக் குல்லா, கையுறை, காலுறை, மேலே ஒரு துண்டு என்று சுற்றி வைத்திருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிவருவார்கள். துணியைத் தளர்த்தி, பால் கொடுத்தால் சிலருக்கு இறங்கிவிடும். ஆனால் அதை வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் எங்களிடம்தான் வர வேண்டும். மார்கழியில் நேர்மாறு. ஆத்தங்குடிக் கல் தரை சில்லென்று இருக்கும், குளித்த பிள்ளையை ஈரத்தோடு அதில் விரித்த துணியில் போட்டுத் துவட்டுவார்கள். அக்குளில் 97.7 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் சூடு பற்றவில்லை. உடனே துணியைக் கழற்றி அம்மாவின் வெற்று நெஞ்சோடு சேர்த்து மேலே போர்த்துங்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை உடம்பு என்று தண்ணீரை அளந்து கொடுப்பது தவறு. தாகத்துக்கு வேண்டிய அளவு குடிக்கட்டும். பூண்டுக் குழம்பு, கருவாடு, லேகியம் எல்லாம் அவள் விருப்பம். காய்ச்சல், நாற்றத்தோடு உதிரம், கால் வீக்கத்தோடு தலைவலி என்றால் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டே இருந்தாலும் காட்டுங்கள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். எடை பார்ப்பது, சூடு பார்ப்பது, மூச்சை எண்ணுவது, தொற்று தெரிந்தால் மருந்து கொடுப்பது. 1999இல் வெளியான அவர்கள் ஆய்வில், அந்தக் கிராமங்களில் முதல் 28 நாள் இறப்பு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அதன் வழியில்தான் இன்றைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. மதுரையிலோ சென்னையிலோ பெற்றுக்கொண்டு இங்கே வருகிறவர்கள், பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு கொடுத்த எண்) பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் வந்திருப்பதே கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியாது.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது, வெட்டு (வலிப்பு), பச்சை நிற வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், எமகண்டம் பார்க்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையை அம்மா நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக் கொண்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, அம்மாவின் ரத்தப் பிரிவு எழுதிய தாள் மூன்றையும் ஒரே பையில் போட்டு, அலமாரிக்குள் பூட்டாமல் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். நடுராத்திரியில் சாவி தேட வேண்டியிருக்காது.