ஸ்டெட்சன்: ஆள் பெயர் தொப்பியின் பெயரான கதை

லயன் காமிக்ஸில் கௌபாய் கதை நாயகன் டெக்ஸ் வில்லரோடு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொப்பியைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அகன்ற விளிம்பு, உயர்ந்த மேல்பகுதி, உச்சியில் ஒரு பள்ளம். நாம் கௌபாய் தொப்பி என்போம். அமெரிக்காவில் பலர் ஸ்டெட்சன் என்றே சொல்லிவிடுவார்கள். எந்தக் கம்பெனி வனஸ்பதியாக இருந்தாலும் நம் வீடுகளில் அது டால்டாதானே, அந்த மாதிரி.

சொல்லின் மூலம் ஒரு குடும்பப் பெயர். ஜான் பி. ஸ்டெட்சன் 1830இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். அப்பாவும் தொப்பி செய்பவர். மகனுக்குக் காசநோய் வந்தது. உடம்பு தேறட்டும் என்று மேற்கே போனவர், கொலராடோ பக்கம் தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். உடன் வந்தவர்களுக்குச் செய்துகாட்டவே அங்கே முதல் தொப்பியைச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. விலங்குத் தோலிலிருந்து மென்மயிரை மழித்து, நீர் தெளித்து, கொதிநீரில் முக்கி முக்கி அழுத்தினால் மயிர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தறியும் இல்லை, நூலும் இல்லை, ஆனால் துணி வந்துவிடும். அந்தத் தொப்பியை ஒரு வண்டிக்காரர் 5 டாலர் தங்கக் காசு கொடுத்து வாங்கிப் போனாராம்.

1865இல் பிலடெல்ஃபியாவில் பட்டறை தொடங்கினார். அங்கே பிறந்த பெயர்பெற்ற தொப்பி 'பாஸ் ஆஃப் தி பிளெயின்ஸ்'. 'சமவெளி ராசா' என்று தமிழில் சொல்லலாம். அதன் உச்சியில் பள்ளமே கிடையாது, வழவழவென்று உருண்டிருக்கும். போட்டவர்கள் உச்சியைப் பிடித்துக் கழற்றிக் கழற்றி விழுந்த மடிப்புகள்தான் பிறகு பாணியாகின. இது எனக்கு மிகவும் பிடித்த விவரம்: தொப்பியின் முகத்தில் பாதியைச் செய்தது அதைப் போட்டவர்களின் விரல்கள்.

அப்புறம் பெயர் தனியாக நடக்கத் தொடங்கியது. மேற்கத்திய மாட்டுக்காரர்கள் தொப்பியை 'ஜான் பி.' என்றே அழைத்தார்கள். கனடாவின் குதிரைப்படைக் காவலர்கள் அணியும் தட்டை விளிம்புத் தொப்பிக்கும் இன்று வரை ஸ்டெட்சன் என்றுதான் பெயர்.

'பத்து கேலன் தொப்பி' என்றும் கேட்டிருப்பீர்கள். பத்து கேலன் என்றால் கிட்டத்தட்ட 38 லிட்டர். இந்தத் தொப்பியில் மூன்று லிட்டர்கூடக் கொள்ளாது. ஸ்பானிய மொழியில் 'கலோன்' என்றால் சரிகை நாடா, அது திரிந்துதான் கேலன் ஆனது என்று ஒரு கருத்து உண்டு. அளவுக் கதையை வளர்த்ததில் ஒரு படத்துக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். தொப்பியைக் கவிழ்த்தால் உள்துணியில் அதைப் பார்க்கலாம்: மாட்டுக்காரர் ஒருவர் குனிந்து, தன் தொப்பியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குதிரைக்குக் கொடுக்கிறார். ஓவியர் லான் மெகார்ஜி வரைந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? குல்லா சரிவராது. அது பாரசீகக் 'குலாஹ்' வழி வந்த சொல், விளிம்பில்லாததைக் குறிப்பது. ஸ்டெட்சனுக்கு விளிம்புதான் உயிர். தொப்பி சரிதான், ஆனால் மிகப் பொது. வகையைச் சொல்லும் இடத்தில் 'அகல்விளிம்புத் தொப்பி' என்பதே என் பரிந்துரை. நாக்கில் தடுக்காது, கேட்டவுடன் உருவம் தெரியும்.

ஆனால் மாற்றக் கூடாத இடமும் உண்டு. 1895 கிறிஸ்துமஸ் இரவு, செயின்ட் லூயிஸ் நகரச் சாராயக் கடையில் லீ ஷெல்டன் என்பவரின் ஸ்டெட்சனைப் பில்லி லயன்ஸ் பறித்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க மறுத்தார். ஷெல்டன் சுட்டார், லயன்ஸ் இறந்தார். அந்தக் கொலை 'ஸ்டாகர் லீ' என்ற நாட்டுப் பாடலாகிக் கறுப்பின மக்களின் வாயில் வளர்ந்தது. 1928இல் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் அதைப் பதிவு செய்தார். 1959இல் லாயிட் பிரைஸ் பாடியது அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஹர்ட்டின் பாட்டில் அது 'ஐந்து டாலர் ஸ்டெட்சன்'. அடிமை முறை ஒழிந்து முப்பதே ஆண்டுகள் ஆன காலம். ஷெல்டன் என்ற கறுப்பின வண்டியோட்டியின் தலையில் இருந்த அந்தத் தொப்பி அவருடைய மரியாதை. அந்தப் பாட்டைத் தமிழாக்கும்போது 'தொப்பி' என்றோ 'அகல்விளிம்புத் தொப்பி' என்றோ எழுதினால், அதற்காக ஏன் ஒரு உயிர் போனது என்பது விளங்காமல் போய்விடும். அங்கே ஸ்டெட்சன் ஸ்டெட்சனாகவே இருக்கட்டும்.