டிக்கெட் போட்டாச்சு

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த மருமகன், கோவில்பட்டியில் இருக்கும் அவன் அம்மாவோடு, அதாவது என் அக்காவோடு, ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான். அவன் தங்கியிருப்பது அதே ஊரில் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில், அதாவது காசு கொடுத்துத் தங்கும் விடுதியில். பெயர் வேண்டாம். ஒரு அறைக்கு மூன்று பேர். கட்டிலுக்கு எத்தனை மூட்டைப்பூச்சி என்று யாரும் எண்ணவில்லை.

“ரூம்ல பக்ஸ் ஜாஸ்திம்மா. டிக்கெட் போட்டிருக்கேன்” என்றான். அவன் வாயைத் திறந்த அதே நேரம் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“அப்பாடா! பஸ் ஜாஸ்தி விட்டுட்டானா? நல்லதாப் போச்சு. ஜன்னல் சீட்டாப் பார்த்துப் போட்டியாப்பா?”

மருமகன் என்னைப் பார்த்தான். அவனுடைய பிஜியில் எந்தப் புகாராக இருந்தாலும் ஆப்பில்தான் பதிய வேண்டும். அப்படிப் பதிவதற்குப் பெயர் டிக்கெட் போடுவது. அவன் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனியிலும் அதே பேச்சுதான். போனை வைத்த பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அக்காவுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. அன்றைக்கு அவள் மூளை செய்தது, எல்லோருடைய மூளையும் நாள் முழுக்கச் செய்கிற வேலையைத்தான்.

முதலில் இந்த டிக்கெட்டைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் ஒட்டிவைக்கும் சின்னச் சீட்டுக்கு ஒரு சொல் இருந்தது. அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து டிக்கெட் ஆனது. அதே சொல் 18ஆம் நூற்றாண்டில் வேறு வாசல் வழியாக மறுபடி நுழைந்து எட்டிக்கெட் ஆனது, அதாவது நாலு பேர் முன்னால் நடந்துகொள்ளும் முறை. கூடப் பிறந்தவர்கள்தான், முகஜாடையும் தெரிகிறது, ஆனால் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை. நம் கைக்கு வந்த டிக்கெட் அதற்கப்புறம் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் அது காகிதம். ஷேர் ஆட்டோக்காரர் “இன்னும் ரெண்டு டிக்கெட் ஏறட்டும்” என்றால் அது ஆள். தேர்தல் நேரத்தில் கட்சி கொடுக்கிற வாய்ப்பு. யாராவது “டிக்கெட் வாங்கிட்டார்” என்று மெதுவாகச் சொன்னால் மாலை வாங்கக் கிளம்ப வேண்டும். நம்முடைய சீட்டும் லேசுப்பட்டதல்ல: சீட்டு ஆடலாம், சீட்டுப் பிடிக்கலாம், ஆபீசில் ஒருவருக்குச் சீட்டுக் கிழியலாம்.

பிஜியும் இதே கதைதான். பேயிங் கெஸ்ட் என்றால் காசு கொடுத்துத் தங்கும் ஆள். பெங்களூரில் ஆள் தங்கும் கட்டடமே பிஜி ஆகிவிட்டது. “அந்த பிஜிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்” என்று சொன்னால் இங்கே யாருக்கும் சிரிப்பு வராது.

சரி, இத்தனை அர்த்தம் இருந்தும் நாம் எப்படித் தடுக்காமல் பேசிக்கொள்கிறோம்?

குக்கர் விசிலில் இருந்து தொடங்கலாம். 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஒரு வேலை செய்தார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில், சட்டமன்றங்களைக் குறிக்கும் ‘லெஜிஸ்லேச்சர்ஸ்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ‘ஸ்’ ஒலியைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விட்டுப்போகவில்லை என்றார்கள். மிச்சம் ஒருவர் ஏதோ விட்டுப்போனதாகச் சொன்னார், ஆனால் தப்பான ஒலியைக் காட்டினார். இல்லாத ஒலியை மூளையே போட்டு நிரப்பிக்கொண்டது. நிரப்பியது அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

இதைவிட வேடிக்கையான சோதனை ஒன்றும் உண்டு. சொல்லின் முதல் ஒலியை இருமலால் மறைத்து வெறும் ‘ஈல்’ மட்டும் கேட்கும்படி வைத்தார்கள். வாக்கியத்தின் கடைசியில் வண்டி அச்சைக் குறிக்கும் சொல் வந்தால், கேட்டவர்கள் காதில் விழுந்தது ‘வீல்’. செருப்பு என்று முடிந்தால் ‘ஹீல்’. ஆரஞ்சு என்றால் ‘பீல்’, அதாவது தோல். மேசை என்றால் ‘மீல்’, சாப்பாடு. ஒலிப்பதிவு நாலு தடவையும் ஒன்றுதான், மாறியது கடைசிச் சொல் மட்டும். பின்னால் வருகிற சொல் முன்னால் கேட்ட ஒலியை முடிவு செய்கிறது. காது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எழுதுகிறது என்று சொல்லலாம்.

என் அக்கா கேட்டதும் அப்படித்தான். விசிலுக்கு நடுவே கேட்டது ‘ப...ஸ் ஜாஸ்தி’. பின்னால் ‘டிக்கெட் போட்டிருக்கேன்’. தீபாவளிக்கு இரண்டு வாரம். மகன் இருப்பதோ பெங்களூரில். இவ்வளவும் சேர்ந்தால் அங்கே பஸ் வராமல் வேறு என்ன வரும்?

மருமகனின் ‘பக்’ தனிக் கதை. கணினியில் வரும் பிழைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பெங்களூரில் பாதிப் பேர் அந்துப்பூச்சிக் கதையைச் சொல்வார்கள். 1947 செப்டம்பரில் ஹார்வர்டில் மார்க் 2 கணினியின் ரிலே என்ற சுவிட்ச் ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நிஜமாகவே ஒரு பக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் இது என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். பதிவேட்டின் அந்தத் தாள் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதை உண்மை. அதிலிருந்துதான் சொல் பிறந்தது என்பது மட்டும் பொய். இயந்திரக் கோளாறை பக் என்று தாமஸ் எடிசன் 1878இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், பழைய சொல்லாக இருந்தால்தான் பதிவேட்டில் எழுதிய அந்தக் கிண்டலே எடுபடும்.

ஆங்கிலத்தில் பக் என்பதற்கு ஒட்டுக் கேட்கும் கருவி என்றும் ஒரு பொருள் உண்டு. டேவிட் ஸ்வின்னி என்ற ஆய்வாளர் அதை வைத்து 1979இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஹெட்போனில் ஒரு வாக்கியம் ஓடும்: அரசாங்கக் கட்டடம் ஒன்றின் அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் சில பக்ஸ் இருந்தன என்று. ‘பக்ஸ்’ காதில் விழுந்த அந்த நொடியில் திரையில் ஓர் எழுத்துக்கோவை மின்னும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குப்பையா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். எறும்பு என்ற சொல் வந்தால் வேகமாக அழுத்தினார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் உளவாளி என்ற சொல்லுக்கும் அதே வேகம்! பேச்சு முழுக்கப் பூச்சியைப் பற்றி, ஆனாலும் ஒட்டுக் கேட்கும் கருவி மனசின் மூலையில் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறது. தைப்பது என்ற சம்பந்தமில்லாத சொல்லுக்கு மட்டும் அந்த வேகம் இல்லை. அதே சோதனையை ‘பக்ஸ்’ முடிந்து மூன்று அசை தள்ளிச் செய்தபோது உளவாளி போய்விட்டான், எறும்பு மட்டும் மிச்சம்.

எனக்கு இந்தச் சோதனை மேல் ஒரு தனிப் பிரியம். ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் அர்த்தங்கள் எல்லாம் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுவது போல ஓடி வருகின்றன. இலை கிடைத்தது உட்காருகிறது, மற்றவை திரும்பிப் போகின்றன. இந்தத் தள்ளுமுள்ளு நடந்து முடிய ஒரு வினாடிகூட ஆவதில்லை. நமக்குத் தெரிவதோ உட்கார்ந்திருப்பவர் மட்டும்.

இலை யாருக்கும் பொருந்தாவிட்டால்? 1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். ‘சூடான ரொட்டி மேல் அவன் காலுறையைத் தடவினான்’ என்கிற ரீதியில் ஒரு வாக்கியம் வரும். காலுறை வந்து சுமார் 400 மில்லி வினாடியில் மூளையின் மின் அலை ஒரு குழியில் விழுந்து எழுந்தது. அந்தக் குழிக்கு இன்று என்400 என்று பெயர். பாதையில் எதிர்பாராத பள்ளம் வந்தால் ஆட்டோ குலுங்குமே, அது மாதிரி. அன்றைக்கு அக்கா அப்படிக் குலுங்கியிருக்க வாய்ப்பில்லை. அவளுக்குப் பாதை சீராகத்தான் இருந்தது, வேறு ஊருக்குப் போகிற பாதை என்பது ஒன்றுதான் குறை.

இதிலே இன்னொன்று இருக்கிறது. ‘பக்’ என்ற சொல்லை மட்டும் தனியாகச் சொன்னால் மருமகனுக்கு முதலில் நினைவுக்கு வருவது மென்பொருள் பிழை. மூட்டைப்பூச்சி அவன் முதுகில் ஊர்ந்த பிறகுதான் கொஞ்சம் முன்னே வந்திருக்கிறது. இதையும் சோதித்திருக்கிறார்கள். லண்டனில் ஜெனிஃபர் ராட் குழுவினர் படகு வலிப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபெதர்’ என்றால் ஊருக்கெல்லாம் இறகு. படகுக்காரர்களுக்கு அது துடுப்பின் பலகையைப் படுக்கவைப்பது. இப்படிப்பட்ட சொற்களைக் காட்டியபோது, எவ்வளவு வருஷம் படகு வலித்தார்களோ அவ்வளவுக்குப் படகுப் பொருள் முன்னே வந்தது. 2016இல் வெளியான ஆய்வு இது. சொல்லுக்குள் இருக்கும் வரிசை வயதாக ஆக இறுகிப்போவதில்லை, நம் பிழைப்பு மாற மாற அதுவும் இடம் மாறுகிறது. மென்பொருள் கம்பெனிகள் நிறைந்த எலெக்ட்ரானிக் சிட்டியில் பத்து வருஷம் இருந்தவரிடம் ‘ஸ்பிரின்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். அங்கே அது சில வாரத்துக்கான வேலைத் தவணை. ஓட்டப் பந்தயம் எத்தனையாவதாக வருகிறது என்று தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ‘வேர்டு மீனிங்’ நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ், நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ‘ரிஃப்ரெயின்’ என்பதற்கு நேராகத் ‘தவிர்’ என்று எழுதியிருந்தாள். வாக்கியத்தில் அமைத்துக் காட்டு என்றேன். “ஐ ரிஃப்ரெயின் பிரிஞ்சால்” என்றாள். கத்திரிக்காயை அவள் தவிர்ப்பது நிஜம். தமிழ்ப் பொருளும் சரி. ஆனால் ரிஃப்ரெயின் என்ற சொல்லுக்குப் பின்னால் கத்திரிக்காய் நிற்காது, ‘ஃப்ரம்’ என்று ஒன்று வந்து, அதன் பிறகு ஒரு செயல்தான் நிற்கும். புகை பிடிப்பது, சத்தம் போடுவது, கருத்துச் சொல்வது. நோட்டின் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதற்கு இடமே இல்லை.

அவளைத் திட்ட வேண்டியதில்லை. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளும் இப்படித்தான். ஜார்ஜ் மில்லர், பட்ரீஷியா கில்டியா இருவரும் 1987இல் எழுதிய கட்டுரையில், அகராதியைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் அமைத்த வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறார்கள். அரிப்பு என்னும் பொருள் கொண்ட ‘இரோட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘ஈட் அவுட்’ என்று இருந்தது, தின்று குழியாக்குவது என்ற கருத்தில். ஈட் அவுட் என்றால் ஹோட்டலில் சாப்பிடுவது என்றுதானே குழந்தைக்குத் தெரியும்? “எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் ஆகும்” என்று எழுதிவிட்டது.

ஒரு சொல் யாரோடு பழகுகிறதோ அதை வைத்துத்தான் அதை அறிய முடியும் என்ற கருத்தை 1957இல் எழுதியவர் ஜே. ஆர். ஃபிர்த். லண்டனுக்குப் போவதற்கு முன் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவர் வழியில் வந்த ஜான் சின்க்ளேர், பர்மிங்காமில் ஏராளமான ஆங்கில எழுத்தைக் கணினியில் கொட்டி, ஒவ்வொரு சொல்லும் யார் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தார். ‘செட் இன்’ என்று ஒரு வினை. தொடங்கி நிலைகொள்வது என்று அகராதி சொல்லும். அதன் கூட்டாளிகளைப் பார்த்தால் அழுகல், நோய்த்தொற்று, விரக்தி. பெரும்பாலும் நல்லது எதுவும் செட் இன் ஆவதில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள், ஆனால் கேட்டால் அப்படியா என்பார்கள்.

நமக்கு மட்டும் தெரியுமா என்ன? ‘ஆளானார்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விமர்சனத்துக்கு ஆளானார், கோபத்துக்கு ஆளானார், துன்பத்துக்கு ஆளானார். ‘பாராட்டுக்கு ஆளானார்’ என்று யாராவது எழுதினால் பாராட்டில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தோன்றும். இப்படி ஒரு விதியை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆயிரம் தடவை கேட்டதில் தானாகப் படிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரிஃப்ரெயினும் அப்படிப் படிந்தால்தான் உண்டு. இப்போது அவள் நோட்டில் கோடு போடாமல், சொல்லுக்குக் கீழே அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்கிறாள். நோட்டு சீக்கிரம் தீர்கிறது என்று அவள் அம்மாவுக்குத்தான் வருத்தம்.

பிஜி ஆப்பில் போட்ட டிக்கெட் மூன்றாம் நாள் ‘க்ளோஸ்டு’ என்று வந்தது. மூட்டைப்பூச்சிக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. பஸ் டிக்கெட்டை மருமகன் சுத்தமாக மறந்துவிட்டான். அம்மாதான் போட்டாச்சு என்று நினைத்திருந்தாளே, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி மடிவாளாவில் இரண்டு மணி நேரம் நின்று, கேட்ட காசைக் கொடுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனான். நானும் குடும்பத்தோடு மறுநாள் காலை ரயிலில் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாசலில் அக்கா அவன் பையை உள்ளே எடுத்துப் போக விடவில்லை.

“அதை அப்படியே மொட்டை மாடி வெயில்ல போடு. உள்ள டிக்கெட் கிக்கெட் இருக்கப் போகுது.”