இரவு இரண்டு மணிக்குப் பிறகு தெரு யாருடைய பொறுப்பு?

ஒரு சனிக்கிழமை, இரவு 1.40. லண்டனில் ஒரு கடைத்தெரு. கீழே மதுபான பார், மேலே வீடு. முறைப்பாடு செய்த அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பாட்டின் சொல் ஒன்றும் காதில் விழவில்லை. அடித்தாளம் மட்டும் செங்கல் வழியாக ஏறி வந்து கைக்குள் துடித்தது. சத்தம் அளக்கும் கருவியைப் பொருத்திவிட்டு, "இதை வைத்து நடவடிக்கை எடுக்கலாம் அம்மா" என்றேன்.

"தம்பி, இது பெரிசில்லை. ரெண்டரை மட்டும் நில்லுங்கோ, அப்ப விளங்கும்" என்றார்.

நின்றேன். இரண்டு மணிக்குப் பாட்டு ஓய்ந்தது. சில நிமிடம் தெரு அமைதியாக இருந்தது. பிறகு கதவு திறந்தது. இருபது முப்பது பேர் ஒன்றாக வெளியே வந்தார்கள். சன்னலுக்கு நேர் கீழே ஒருவர் தொலைபேசியில் டாக்சிக்காரருக்கு வழி சொல்லிக் கத்தினார். ஒரு சண்டை தொடங்கி முடிந்தது. கார்க் கதவுகள் ஒவ்வொன்றாக அறைந்தன. கடைசியாக ஊழியர் ஒருவர் அன்றைய வெற்றுப் போத்தல்களை எல்லாம் பின்பக்கத் தொட்டிக்குள் ஒரே தடவையில் கொட்டினார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் இங்கே ஒரு கவுன்சிலில் சுற்றாடல் சுகாதார அதிகாரி. இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: மக்கள் முறைப்பாடு செய்வது பாட்டைப் பற்றி, அவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதிக்கு மேல் பாட்டுக்குப் பிறகு வருகிறது. ஆனால் சட்டத்தின் பிடி பாட்டின் மேல்தான் இறுக்கம். தெருவுக்கு வந்ததும் அது தளர்ந்துவிடும்.

கட்டடத்துக்குள்ளிருந்து வரும் சத்தத்துக்கு 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதிகாரி நேரில் கேட்டு, இது சட்டப்படி தொல்லை என்று தீர்மானித்தால் தடை அறிவித்தல் கொடுத்தே ஆகவேண்டும். மீறினால் வழக்கு, வியாபார இடத்துக்கு வரையறையில்லாத அபராதம். ஆனால் நடைபாதையில் நிற்கும் ஆட்களின் சிரிப்பும் கூச்சலும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. தெருவில் வாகனம், இயந்திரம், கருவி போடும் சத்தத்தைத்தான் அது பிடிக்கும்; மனிதக் குரலை அல்ல.

அப்போது எங்கே போவது? லைசென்சுக்குத்தான் போகவேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை நீதவான்களின் கையில் இருந்த மது லைசென்ஸ் அன்றிலிருந்து கவுன்சிலின் கைக்கு வந்தது. பப், கிளப் மட்டுமல்ல, இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 5 மணி வரை சூடான உணவோ சூடான பானமோ விற்கும் டேக்அவேக்கும் லைசென்ஸ் வேண்டும். நம்மவர்கள் பலர் இந்தக் கடைகளை நடத்துகிறார்கள். அதனால் இது வீட்டுக்காரருக்கு மட்டுமான கட்டுரை இல்லை.

கவுன்சில் பார்க்கக்கூடியவை நான்கே நான்கு: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுக்கப்படுகிறதா, பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா, பொதுத்தொல்லை தடுக்கப்படுகிறதா, பிள்ளைகளுக்குத் தீங்கு வராதா. "குடிக்கடை எங்கள் தெருவுக்குத் தேவையில்லை", "வீட்டு விலை விழுந்துவிடும்" என்று எழுதும் கடிதங்களை வாசிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதியவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்த நான்கில் ஒன்றோடு இணைக்காவிட்டால் அந்தக் கடிதத்துக்கு எடை கிடையாது.

உள்துறை அமைச்சின் வழிகாட்டியில் ஒரு வரி இருக்கிறது. கடைக்கு உடனடியாக அடுத்த பகுதியைத் தாண்டிவிட்டால், ஆட்கள் எப்படி நடக்கிறார்கள் என்பது அவரவர் சொந்தப் பொறுப்பு என்பது அதன் சாரம். பார்க்காரரின் வழக்கறிஞர் லைசென்ஸ் விசாரணைக் கூட்டத்தில் முதலில் தூக்கிப் பிடிப்பது இதைத்தான். அது நியாயமும்கூட; அடுத்த தெருவில் ஒருவன் பாடிக்கொண்டு போனால் கடைக்காரர் என்ன செய்வார்? ஆனால் வாசலும் சன்னலுக்குக் கீழான நடைபாதையும் அந்த "உடனடிப் பகுதி"க்குள்தான் இருக்கின்றன. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் உள்ளே புகைக்க முடியாது. அன்றிலிருந்து சத்தத்தின் ஒரு பங்கு வாசலுக்கு இடம் மாறிவிட்டது.

அந்த வாசலை ஆள்வது லைசென்சோடு ஒட்டிவரும் நிபந்தனைகள். நான் மிகவும் நம்புவது இவற்றைத்தான். இரவு 11 முதல் காலை 7 அல்லது 8 வரை போத்தல் கொட்டக்கூடாது. ஒரு நேரத்துக்குப் பிறகு புகைக்க வெளியே நிற்பவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, கையில் குடிக்கும் கோப்பை இருக்கக்கூடாது. ஒரு மணிக்குப் பிறகு புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது. டாக்சிக்குக் காத்திருப்பவர் உள்ளேயே காத்திருக்கவேண்டும். காவலாளிகள் கதவு பூட்டி அரை மணி நேரம் கழித்தும் வாசலில் நிற்கவேண்டும். இரட்டைக் கதவு, ஒலி வரம்புக் கருவி, அயலவர் உடனே அழைக்க ஒரு தொலைபேசி எண். பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் லைசென்ஸ் நிபந்தனையை மீறி வியாபாரம் நடத்துவது குற்றம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறைக்குச் சொன்ன அளவு 30 டெசிபெல். திடீர்ச் சத்தம் 45ஐத் தாண்டக்கூடாது. திறந்த சன்னலுக்குக் கீழே போத்தல் விழும்போது 45 எங்கே நிற்கும்? அந்தத் தொட்டியைக் காலை எட்டு மணிக்குத் திறக்கவைத்தால், ஒரு செலவும் இல்லாமல் ஒரு குடும்பம் தூங்கும்.

இந்த நிபந்தனைகளைக் கேட்கச் சிறந்த நேரம் விண்ணப்ப நேரம். கடைக் கண்ணாடியில் வெளிர் நீல நிறத் தாள் ஒன்று ஒட்டியிருந்தால் நின்று வாசியுங்கள். விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாட்கள். அதற்குள் யார் வேண்டுமானாலும் கவுன்சிலுக்கு எழுதலாம். 2012இலிருந்து பக்கத்தில் குடியிருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 29ஆம் நாள் வரும் கடிதத்தை எங்களால் ஏற்க முடியாது. அதைச் சொல்ல எனக்கே மனம் வராது, ஆனாலும் முடியாது. உரிய ஆட்சேபம் ஒன்று வந்தால்கூட, உடன்பாடு ஏற்படாத பட்சத்தில், மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து விசாரிக்கவேண்டும்.

நம் ஆட்கள் எழுதத் தயங்குகிறார்கள். ஆங்கிலம் சரியாக வராது என்கிறார்கள். பேர் வெளியே தெரிந்துவிடும் என்கிறார்கள். ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் வட்டாரக் கவுன்சிலரையோ பிள்ளையையோ உங்களுக்காகப் பேசவைக்கலாம். பேர் விஷயம் உண்மைதான்: வழக்கமாக விண்ணப்பதாரருக்கு உங்கள் கடிதம் போகும். மிரட்டல் வரும் என்று உண்மையான பயம் இருந்தால் முதலில் கவுன்சிலிடம் பேசுங்கள், விவரத்தை மறைக்க வழி உண்டு. அல்லது எங்களிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள். அதிகாரிகளாக நாங்களே ஆட்சேபிக்கலாம்.

சரி, கடை ஏற்கனவே நடக்கிறது, தூக்கமும் போய்விட்டது என்றால்? லைசென்சை மறுஆய்வு செய்யும்படி கவுன்சிலிடம் கேட்கலாம். யாரும் கேட்கலாம், கட்டணம் இல்லை. நிபந்தனை சேர்ப்பது, நேரத்தைக் குறைப்பது, மூன்று மாதம் வரை நிறுத்திவைப்பது, லைசென்சையே பறிப்பது, எல்லாம் அந்த மூவரின் அதிகாரத்தில் உண்டு. ஆனால் ஆதாரம் வேண்டும். தவைட்ஸ் என்ற நிறுவனத்தின் பப் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2008இல் உயர்நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: நீட்டிய நேரத்தில் கடை நடந்தும் தொல்லை எழவில்லை, அப்படியிருக்க "தொல்லை வரும்" என்ற ஊகத்தை வைத்து நீதவான்கள் நேரத்தைக் குறைத்தது தவறு.

எனவே ஒரு கொப்பி வாங்குங்கள். "தினமும் பெரிய சத்தம்" என்று எழுதினால் எனக்குப் பயனில்லை. "வெள்ளி இரவு 2.10, பத்துப் பேர் வாசலில், காவலாளி இல்லை, 2.35 வரை கூச்சல், மகள் எழுந்துவிட்டாள், சத்தக் குழுவுக்கு அழைத்தேன்" என்று எழுதினால் அதை வைத்து நான் கூட்டத்தில் பேசுவேன். சத்தம் நடக்கும்போதே எழுதுங்கள், காலையில் யோசித்து எழுதவேண்டாம். அமைதியான இரவையும் குறியுங்கள். அதுதான் உங்கள் கொப்பியை நம்பவைக்கும். அப்புறம், மறுஆய்வுக்கு முன் மேலாளரை ஒரு தடவை பகலில் போய்ப் பாருங்கள். தொட்டிக்கு மேலே ஒரு படுக்கையறை இருப்பதே பலருக்குத் தெரியாது.

திட்ட அனுமதியையும் (கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) கேட்டுப் பாருங்கள். அது வேறு, லைசென்ஸ் வேறு. லைசென்சில் 2 மணி, திட்ட அனுமதியில் 11 மணி என்றிருந்தால் முந்திய நேரத்துக்குத்தான் கடை அடங்கவேண்டும்.

தற்காலிக நிகழ்வு அறிவித்தல் என்று ஒன்றும் இருக்கிறது: கட்டணம் 21 பவுண், 499 பேர் வரை கூடலாம். நீண்ட வாரஇறுதிகளில் அதிகாலை வரை திறக்க இதைப் பயன்படுத்துவார்கள். இதற்கு அயலவர் ஆட்சேபிக்க முடியாது. பொலிசும் நாங்களும்தான், அதுவும் மூன்று வேலைநாளுக்குள். உங்கள் கொப்பி அதற்கு முன்பே எங்கள் கோப்பில் இருந்தால்தான் நான் கையெழுத்திட்டு எதிர்க்க முடியும்.

கடைகள் ஏற்கனவே குவிந்துவிட்ட பகுதிகளுக்குக் கவுன்சில் ஒட்டுமொத்தத் தாக்க மதிப்பீடு, அதாவது இன்னும் கடைகள் வந்தால் தொல்லை கூடும் என்று காட்டும் அறிக்கை, வெளியிடலாம். 2018இலிருந்து அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் மது விற்பவரிடம் வரியும் அறவிடலாம். நியூகாசில் 2013இல் அதை முதலில் கொண்டுவந்தது.

அந்த அம்மா நான்கு மாதம் கொப்பி எழுதினார். கூட்டத்துக்கு மகனோடு வந்து, மூன்று கவுன்சிலர்களுக்கும் முன்னால் தமிழில் பேசினார், மகன் மொழிபெயர்த்தான். பார் மூடப்படவில்லை, மூடவேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. நேரம் அப்படியே இருந்தது, நிபந்தனைகள் சேர்ந்தன. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சனிக்கிழமையில இன்னும் கொஞ்சம் சத்தம்தான், தம்பி. ஆனா போத்தல் இப்ப காலமை எட்டு மணிக்குத்தான் விழுது. அந்த நேரம் நான் தேத்தண்ணியோட நிக்கிறன்."