அடைத்த பல்லில் ஏன் திரும்பவும் சூத்தை விழுகிறது?

"அடைச்ச பல்லுதானே, அதில எப்படித் திரும்பவும் சூத்தை வந்தது?" மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பல் வைத்தியரிடம் போய் வந்தவர்கள் பலர் இதை ஆற்றாமையோடு கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

சூத்தைக்கு முக்கிய காரணம் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பக்டீரியா. 1924இல் கிளார்க் என்பவர் சூத்தைப் பல்லிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார். நாம் சாப்பிடும் சீனியிலிருந்து பசை செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளும், அதே சீனியைத் தின்று அமிலத்தையும் கக்கும். பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே போனால் பல்லின் வெளிப்படையான எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அந்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும். அதனால் சீனி போட்ட பிளேன்ரீயை ஒரேயடியாகக் குடித்து முடிப்பதைவிட, வேலைக்கிடையில் மிடறு மிடறாக மத்தியானம் வரை இழுப்பதுதான் பல்லுக்கு அதிகக் கெடுதல்.

சரி, அடைத்த பிறகு? பிரச்சினை விளிம்பில் இருக்கிறது. பல் நிறத்தில் வைக்கும் கொம்பசிற், நீல வெளிச்சத்தில் இறுகும்போது நூற்றுக்கு 2, 3 வீதம் சுருங்கும். அப்படி விழும் மெல்லிய இடைவெளி, ஒரு மைக்ரோமீற்றர் அளவுள்ள பக்டீரியாவுக்குத் தாராளம். சாதாரண கொம்பசிற் கிருமியைக் கொல்வதும் இல்லை. பழைய வெள்ளி அடைப்பான அமல்கம் இதில் கொஞ்சம் கெட்டி: அதிலுள்ள வெள்ளியும் செம்பும் கிருமிக்கு ஆகாது, நாள் போகப் போக அது அரித்து வரும் துகளே விளிம்பையும் அடைத்துவிடும். ஆனால் அதில் பாதி பாதரசம், பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் 2013இன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகமே அதைக் குறைத்துக்கொண்டு வருகிறது.

எனக்குப் பிடித்தது கிளாஸ் அயனமர் என்ற இன்னொரு அடைப்புப் பொருள். பல்லோடு இரசாயன ரீதியாகவே ஒட்டும், புளோரைட்டை வெளியே விடும். முதல் சில நாட்கள் நிறைய விட்டு அப்புறம் வற்றிப்போனாலும், புளோரைட் பற்பசையால் விளக்கும்போது திரும்பவும் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, இது அருமையான குணம். ஆனால் கொம்பசிற் அளவுக்குப் பலமில்லை, கடைவாய்ப் பல்லில் பெரிய குழி என்றால் தேய்ந்துவிடும்.

தொட்டவுடன் கிருமியைக் கொல்லும் மூலக்கூறைக் கொம்பசிற்றோடு பிணைக்கும் வேலையை ஜப்பான் ஆய்வாளர்கள் 1990களில் தொடங்கினார்கள். நல்ல யோசனை, ஆனாலும் எச்சில் புரதமும் செத்த கிருமிகளும் மேலே படிந்துவிட்டால் அடுத்து வரும் கிருமிக்கு அந்த மூலக்கூறு எட்டாது.

ஆகவே விளிம்பை நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டு பல்லுக்கு நடுவில் அடைத்திருந்தால், முரசுப் பக்கத்து ஓரத்தில்தான் சூத்தை அதிகம் திரும்பி வரும்; அங்கே பிரஷ் போகாது, பல் நூல்தான் போகும்.