எஸ்யூவி: முதலெழுத்தில் பந்தயம் இருக்கிறதா?

எஸ்யூவி என்ற மூன்றெழுத்தை விரித்தால் ‘ஸ்போர்ட் யுடிலிட்டி வெஹிக்கிள்’. இதைத் தமிழில் ‘விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்த வேலை. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? கிரிக்கெட் மட்டையும் ஸ்டம்பும் ஏற்றிப்போகிற வண்டி என்று தோன்றலாம், இல்லையென்றால் பந்தயம் ஓடுகிற வண்டி என்று தோன்றலாம். முதலாவது சிரிப்போடு போய்விடும். இரண்டாவதுதான் வில்லங்கம். 600 குதிரைத்திறனுக்கு மேல் வைத்துக்கொண்டு ‘டிராக்குக்குத் தயார்’ என்று விளம்பரம் செய்யப்படும் எஸ்யூவிகளை வாங்குகிறவர்களும் அந்த முதலெழுத்தை அப்படித்தான் படிக்கிறார்கள்.

‘ஸ்போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் ‘டெஸ்போர்ட்’டிலிருந்து வந்தது. வேலையிலிருந்தும் கவலையிலிருந்தும் மனத்தை அப்பால் கொண்டுபோவது என்பது அதன் பொருள். அதாவது பொழுதுபோக்கு, உல்லாசம். வேட்டைக்குப் போவதும் மீன்பிடிக்கப் போவதும் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்’தான். விதி, எதிரணி, வெற்றி தோல்வி என்ற பொருளெல்லாம் பிறகு வந்து ஏறிக்கொண்டவை. எஸ்யூவியின் ‘எஸ்’ பழைய பொருளைச் சேர்ந்தது. வார இறுதியில் கூடாரத்தையும் தூண்டிலையும் தூக்கிப் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் போகலாம், திங்கட்கிழமை வேலைக்கும் எடுத்துப் போகலாம் என்பதுதான் அந்தப் பெயர் சொன்ன சேதி.

இந்தப் பொருள் நம்மூருக்குப் புதிதில்லை. திருநெல்வேலிச் சீமையில் பழைய ஆட்கள் காரைப் ‘பிளசர்’ என்பார்கள். “பிளசர்ல வந்து இறங்குனாவ” என்றால் வசதியான வீட்டு விருந்தாளி என்று அர்த்தம். ‘பிளஷர் கார்’ என்பதில் காரை விட்டுவிட்டுப் பிளஷரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சுமை ஏற்ற லாரி, ஊருக்குப் போக பஸ், உல்லாசத்துக்குப் பிளசர் என்று கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தனித்தமிழில் காருக்கு வைத்த ‘மகிழுந்து’ என்ற சொல்லிலும் அதே மகிழ்ச்சிதான் உட்கார்ந்திருக்கிறது. தாத்தா காலத்துப் பிளசரும் இன்றைய எஸ்யூவியின் எஸ்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இனி வண்டியின் கதை. இதன் மூத்த தலைமுறை, இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் ஓடிய வில்லிஸ் ஜீப். போர் முடிந்ததும் 1940களின் இறுதியில் மகிந்திரா அதை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அதனால் நமக்கு இந்த இனம் ‘ஜீப்பு’ என்ற பெயரிலேயே பழக்கம்: பாரஸ்ட் ஜீப்பு, போலீஸ் ஜீப்பு, எஸ்டேட் ஜீப்பு. அமெரிக்காவில் 1974இல் ஜீப் செரோக்கி வந்தபோது அதன் விளம்பர ஏட்டில் ‘ஸ்போர்ட் யுடிலிட்டி’ என்ற பெயர் இடம்பெற்றது. பிறகு அங்கே எரிபொருள் சிக்கன விதிகள் வந்தன. இவற்றைக் காராக எண்ணாமல் இலகு ரக டிரக்காக எண்ணி விதியைத் தளர்த்தினார்கள். கம்பெனிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. சட்டத்தில் டிரக், விளம்பரத்தில் உல்லாசம்.

பொருள் புரண்டது 2002க்கு மேல். நம் நாட்டில் மகிந்திரா ஸ்கார்ப்பியோ வந்த அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் போர்ஷே தன் முதல் எஸ்யூவியான கேயென்னைக் காட்டியது. பந்தயத்திலேயே பேர் வாங்கிய கம்பெனி உயரமான வண்டி செய்ததும் ‘ஸ்போர்ட்’ என்ற சொல் அடுத்த பொருளுக்குத் தாவிவிட்டது. ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் எல்லாம் வேக எஸ்யூவிகளில் போட்டிக்கு இறங்கின. 2018 வாக்கில் லம்போர்கினியின் உருஸ் வந்தது. உருஸ் என்பது வீட்டு மாடுகளின் மூதாதையான காட்டெருதின் பெயர். மாட்டைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது, அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சரி, இந்த வண்டிகள் டிராக்கில் ஓடுமா? ஓடும், அதுவும் நன்றாகவே ஓடும். இதை மறுத்துப் பேசுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்காதவர்கள். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் வடக்குத் தடம் ஒரு சுற்று 20.832 கிலோமீட்டர். அதை 2021இல் அறிமுகமான கேயென் டர்போ ஜிடி 7 நிமிடம் 38.925 வினாடியில் முடித்தது. 2024இல் ஆடி ஆர்எஸ் க்யூ8 பெர்ஃபார்மன்ஸ் அதையும் முந்தி 7 நிமிடம் 36.698 வினாடியில் வந்தது. 2000 வாக்கில் பிஎம்டபிள்யூ ஒரே ஒரு எக்ஸ்5 வண்டியில் லெ மான் பந்தயக் காரின் 12 சிலிண்டர் எஞ்சினைத் திணித்து இதே தடத்தில் ஓட்டிப் பார்த்தது. அதற்கு ஏறத்தாழ 7 நிமிடம் 50 வினாடி ஆயிற்று. இன்று ஷோரூமில் சாவி வாங்கும் வண்டி அதைவிட வேகம்.

ஆனால் அதே போர்ஷே கடையில் பக்கத்தில் நிற்கும் 911 ஜிடி3 என்ற தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அதுவும் 2021இல் வந்த வண்டிதான். அதற்கு 510 குதிரைத்திறன், கேயென் டர்போ ஜிடிக்கு 640. ஓட்டியவர் இரண்டிலும் போர்ஷேயின் சோதனை ஓட்டுநர் லார்ஸ் கெர்ன். ஜிடி3 அதே 20.832 கிலோமீட்டரை 6 நிமிடம் 59.927 வினாடியில் முடித்தது. குதிரைகள் 130 குறைவாக இருந்தும் 39 வினாடி முன்னால். காரணம் எடையும் உயரமும். ஜிடி3 சுமார் 1,435 கிலோ, கேயென் டர்போ ஜிடி 2,220 கிலோ.

எஸ்யூவிக்கு உயரம்தான் அடையாளம் என்பதை நம் அரசே எழுதி வைத்தது. 2022 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கொடுத்த விளக்கப்படி ஒரு வண்டி எஸ்யூவி ஆக அப்போது நான்கு தகுதி வேண்டியிருந்தது: எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். நான்காவது தகுதி, மக்கள் அதை எஸ்யூவி என்று அழைக்கவேண்டும்! ஊர் சொன்னால் சரி என்று சட்டமே ஒதுங்கிக்கொண்ட இடம் அது. அந்த நான்கில் ‘ஸ்போர்ட்’ எங்கும் இல்லை. தரை இடைவெளி இருக்கிறது. பந்தயக் கார் செய்கிறவர் முதலில் குறைக்கப் பார்ப்பது அதைத்தான்.

வண்டி வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போய்விடும். எடைமையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகமாகப் போகும். வெளிப்பக்க டயரில் இரண்டு மடங்கு பாரம் ஏறினால் பிடிமானமும் இரண்டு மடங்காகும் என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பரில் பாரம் ஏற ஏறப் பிடிமானமும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. உள்பக்கச் சக்கரம் இழந்ததை வெளிப்பக்கச் சக்கரம் முழுசாக ஈடுகட்டாது. இதற்கு மேல் கவிழும் பயம் வேறு. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்து அமெரிக்காவில் வண்டிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். சாதாரணக் கார்கள் 1.3 முதல் 1.5 வரை இருக்கும், எஸ்யூவிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே. வேக எஸ்யூவிகளைச் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் சாய்வைத் தடுக்க 48 வோல்ட் மோட்டார், பின்சக்கரமும் திரும்பும் ஏற்பாடு, காற்றைக் குறைத்து உடம்பைத் தாழ்த்தும் சஸ்பென்ஷன் என்று அடுக்குகிறார்கள். கேயென் டர்போ ஜிடி தன் அண்ணன் டர்போ கூப்பேயைவிட 17 மில்லிமீட்டர் வரை தாழ்வாக நிற்கும். முதலில் உயர்த்திச் செய்வானேன், அப்புறம் இவ்வளவு செலவில் தாழ்த்துவானேன்?

பிரேக்தான் பெரிய பிரச்சினை. ஒரே வேகத்திலிருந்து நிறுத்தினால், 2,220 கிலோ வண்டியின் பிரேக் 1,435 கிலோ வண்டியின் பிரேக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சூட்டை விழுங்கவேண்டும். உருஸில் முன்சக்கர டிஸ்க் (பிரேக் பேட் கவ்விப் பிடிக்கும் வட்டு) 440 மில்லிமீட்டர் விட்டம், அதுவும் சூடு தாங்கும் கார்பன் செராமிக். அழகுக்குப் போட்டதில்லை, அந்த எடைக்கு அது இல்லாமல் முடியாது. நியூர்பர்க்ரிங்கில் சுற்று நீளம், நேர்ச்சாலைகளும் உண்டு, பிரேக் மூச்சு விட இடம் கிடைக்கும். நம் பக்கத்தில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அங்கே டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கான நேரத்தை வைத்து வண்டியை எடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான். பத்தாவது சுற்றில் பெடல் எப்படி இருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று பார்க்கப் பந்தயத் தடம் வரைக்கும் போகவேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில், மாஞ்சோலையிலிருந்து ஏழு பேரோடு இறங்கி வந்த டீசல் எஸ்யூவி ஒன்று நின்றது. பக்கத்தில் போனாலே கருகல் வாடை. “தம்பி, பெடலு மெத்துன்னு உள்ள போகு, புடிக்க மாட்டேங்கு” என்றார் வண்டிக்காரர். மெக்கானிக் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமலேயே இழுத்துக்கொண்டார். “மேல இருந்து பூரா பிரேக்குலயே வந்தியளோ அண்ணாச்சி? ரெண்டாம் கியர்ல போட்டுல்லா எறக்கணும்.” பையன் ஒருவன் குடத்தோடு வர, “ஏல, தண்ணிய ஊத்திராத, டிஸ்க் பெண்டாயிரும்” என்று ஒரு சத்தம். மூடியைத் திறந்தால், தேன்நிறத்தில் இருக்கவேண்டிய பிரேக் ஆயில் கறுத்துக் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவுகோல் 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், அதனால் பெடல் உள்ளே போகும். மலைப்பாதையில் மெதுவாக இறங்கியே இந்தக் கதி என்றால், தடத்தில் வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கும் பந்தயத்துக்கும் உள்ள பொருத்தம் நம் தெற்குச் சீமைக்குத் தெரியாத சங்கதி இல்லை. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் (1986இல் பிரியும்வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான்) மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவைப் பார்த்துத் தனித்தனியாக ஓடவிடுவார்கள். வண்டியும் வேறு. நெல் மூட்டை ஏற்றுவது பாரவண்டி, பண்ணையார் வீட்டு ஆட்கள் ஏறிப்போனது வில்வண்டி, எல்கைக்கு (பந்தய எல்லைக்கு) போவது எலும்பும் தோலுமாக எடை குறைத்த பந்தய வண்டி. மாடு எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் அதை வில்வண்டியில் பூட்டி எல்கைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அப்படிக் கொண்டுபோனாலும் ஓடத்தான் செய்யும். வேக எஸ்யூவியைக் காட்டெருது பூட்டிய வில்வண்டி என்று சொன்னால் லம்போர்கினிக்காரர்கள் கோபித்துக்கொள்ள முடியாது. பெயர் அவர்கள் வைத்ததுதானே.

இனித் தமிழ்ச் சொல். ‘டிராக்’ என்பதற்குச் சிலர் ‘ஓடுபாதை’ என்று எழுதுகிறார்கள். அது விமானத்துக்குப் போய்விட்ட சொல். (சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார்ப்பந்தயம் நடந்த காலம் ஒன்று உண்டு, அதற்கு மட்டும் பொருந்தும்.) ‘தடம்’ நல்ல சொல். பதிந்த அடையாளமும் அதுதான், போகும் வழியும் அதுதான். வண்டித்தடம், ஒற்றையடித்தடம் என்று ஊரில் புழங்குகிறது. அதனால் ரேஸ் டிராக் ‘பந்தயத் தடம்’, லேப் ‘சுற்று’. பந்தயம் என்ற சொல்லுக்குப் பணயம் கட்டுவது என்ற பொருளும் கூடவே இருக்கிறது. டயர் விலையைக் கேட்டால் அதுவும் பொருத்தம்தான்.

எஸ்யூவியை எஸ்யூவி என்றே தமிழில் எழுதினால் யாருக்கும் குழப்பம் இல்லை, நான் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறேன். பெயர்த்தே ஆகவேண்டும் என்றால் மூலப்பொருளுக்கு நேரானது ‘உல்லாசப் பயன்பாட்டு ஊர்தி’. ஊர்தி சங்கப்பாட்டிலேயே உள்ள சொல், அதில் தடை இல்லை. ஆனால் வாய்க்கு நீளம். எனக்குப் பிடித்தது ‘உயர்மகிழுந்து’. நம்மாட்கள் ‘உசரமான வண்டி’ என்பதும், ஜிஎஸ்டி கவுன்சில் அளந்து பார்த்ததும், பிளசரும் அதற்குள் வந்துவிடுகின்றன. உயர்வு என்றால் விலை உயர்வு என்று ஒருவர் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. ‘பெர்ஃபார்மன்ஸ் எஸ்யூவி’க்கு ‘உயர்செயல்திறன்’ என்று இன்னொரு உயரத்தை ஏற்றவேண்டாம், ‘வேக உயர்மகிழுந்து’ போதும். ‘பந்தய’ என்ற அடைமொழியை மட்டும் இதற்குக் கொடுக்கக் கூடாது. விளம்பரத்தில் வரும் ‘டிராக்குக்குத் தயார்’ என்பதை ‘தடத்திலும் ஓடும்’ என்று எழுதலாம்.

அந்த ‘உம்’மின் மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். திருநெல்வேலியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு 600 கிலோமீட்டர் இருக்கும். நான்கு பேர், பெட்டி, அல்வா டப்பா சகிதம் ஏசியில் போய் இறங்கி, சில சுற்று ஓட்டிவிட்டு, அதே வண்டியில் ஊர் திரும்ப உயர்மகிழுந்தால்தான் முடியும். ஜிடி3யில் போனால் பின்சீட்டே கிடையாது, ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும். அப்படிப் போகிறவர்கள் கிளம்புமுன் புது பிரேக் ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள், பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலைநாடுகளில் சில கார்ப்பந்தயக் கழகங்கள் உயரமான வண்டிகளை உள்ளேயே விடுவதில்லை, ஆகவே இங்கேயும் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் (ஆட்டோமேட்டிக் என்றால் ‘P’யில்) விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும்.