சின்ன ஸ்போர்ட்டி காருக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? கொழும்பு மழையை முதலில் நினையுங்கள்

ஸ்விஃப்ட் ஆர்எஸ், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபிட் ஆர்எஸ் மாதிரியான சின்னக் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் கடைக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, நல்ல கிரிப் இருக்கிற டயர் எது?" நல்ல கேள்வி. ஆனால் எந்த வீதியில், எந்த நேரத்தில் கிரிப் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் மனதில் இருப்பது காய்ந்த பந்தயத் திடலில் வளைவு எடுக்கும் காட்சி. அவர்களுடைய கார் உண்மையில் ஓடப்போவதோ காலையில் பம்பலப்பிட்டி நெரிசலில், பின்னேர மழையில் பேஸ்லைன் வீதியில், எப்போதாவது தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரில். இந்த ஊரில் ஒரு டயருக்கு வரும் பெரிய சோதனை ஈர வீதியில் திடீரென்று பிரேக் போடுவதுதான். டயர் தெரிவையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் சமர், ஆல் சீசன், வின்டர் என்று மூன்று வகை சொல்வார்கள். வெப்பநிலை 7 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் சமர் டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். அதனால்தான் குளிர் நாடுகளில் இந்தப் பிரிப்பு. கொழும்பில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். எங்களுக்கு வருடம் முழுக்க சமர் டயர்தான். ஆல் சீசன் என்று எழுதியிருப்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

வின்டர் டயர் இங்கே எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் திரும்பவும் திறந்தது. ஜப்பானில் பனி கொட்டும் பகுதியில் ஓடிய ரீகண்டிஷன் கார் சில நேரம் ஸ்டட்லெஸ் என்ற வின்டர் டயரோடே இறங்கிவிடும். பாவித்த டயராகவும் அது கடைகளுக்கு வரும். ஒரு ஃபிட் காரில் வந்த தம்பி சொன்னார்: "டயர் புதுசு மாதிரி இருக்கு அண்ணே, ஆனா பிரேக் பிடிச்சா கார் மிதக்குது." குனிந்து பார்த்தேன். ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றிலும் பிளேட்டால் கீறினது போல நெளிநெளியாக, நெருக்கமாகக் கீறல்கள். நகத்தால் அழுத்தினால் ரப்பர் உள்ளே போகிறது. பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்றே எழுதியிருந்தது. பனிக்கட்டியைப் பிடிப்பதற்காகச் செய்த அந்த மென்மையான ரப்பர் இந்த வெயிலில் நெளியும், சீக்கிரம் தேயும், மழையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும். தவாளிப்பு, அதாவது டயர் மேலே வெட்டியிருக்கும் பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். ஸ்விஃப்ட் ஆர்எஸ் காரில் 185/55 ஆர் 16 83 வி என்று இருக்கும். 185 என்பது மில்லிமீற்றரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 வீதம். 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 83 என்றால் ஒரு டயர் 487 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீற்றர் வரை. வேக எழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். காரோடு வந்ததற்குக் குறையாமல் பாருங்கள், போதும். சுமை இலக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

17 அங்குல அலோய் வீல் போட வேண்டும் என்ற ஆசை எனக்கும் விளங்கும், பார்க்க அழகுதான். 195/45 ஆர் 17 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான்: 610 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 607. வேகமானி பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் வீதிக்கும் இடையில் இருந்த 102 மில்லிமீற்றர் ரப்பர் 88 ஆகிறது. அந்த 14 மில்லிமீற்றரின் விலை குழாய் போடத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய வீதிகளில்தான் தெரியும். பக்கச்சுவரில் முட்டை மாதிரிப் புடைத்துக்கொண்டு வரும் டயர்களில் அநேகம் இப்படிச் சுவர் குறைந்தவை. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்பதற்கு அந்தப் புடைப்பு அடையாளம். அதற்கு ஒட்டும் இல்லை, வைத்தியமும் இல்லை. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் கொம்பனியே 195/45 ஆர் 17 கொடுத்திருக்கிறது. அவர்கள் அதிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் காரோடு வந்த அளவை மாற்றாமல், அந்தக் காசில் ஒரு படி நல்ல டயரை வாங்கலாம் என்பது என் கட்சி.

எது நல்ல டயர்? கடையில் இருப்பவற்றை நான் மூன்றாகப் பிரிப்பேன். பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்கென்று செய்தவை ஒன்று: எக்கோபியா, புளூஎர்த், எனர்ஜி என்ற பெயர்களில் வருபவை. இரண்டாவது, ஸ்போர்ட்டியாகவும் இருந்து தினசரி ஓட்டத்துக்கும் தாங்குபவை: அட்வான் ஃபிளேவா, பொட்டென்சா அட்ரினலின், பைலட் ஸ்போர்ட் மாதிரியானவை. மூன்றாவது, பந்தயத்துக்குப் போய்வரச் செய்த அரை ஸ்லிக் வகை. இந்த மூன்றாவதை ஆசைக்குக்கூடப் போடாதீர்கள். தவாளிப்பு குறைவு, தேய்வது வேகம், தண்ணீர் தேங்கிய வீதியில் அதற்கு வேலையே இல்லை. உங்கள் காருக்கு இரண்டாவது வகை. அந்த அளவில் கிடைக்காவிட்டால் முதல் வகையில் ஈரப் பிடிமானம் கூடியது.

ஈரப் பிடிமானத்தை எப்படி அறிவது? கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள், நான் உட்பட. ஸ்டிக்கரைப் பாருங்கள். ஐரோப்பியச் சந்தைக்கான டயர் என்றால் மழை மேகப் படத்துக்குப் பக்கத்தில் ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும். ஒரு எழுத்து இறங்கினால், மணிக்கு 80 கிலோமீற்றரில் வந்து ஈர வீதியில் நிற்பதற்கு ஏறக்குறைய 3 மீற்றராவது கூடும். ஒரு பஜாஜ் முச்சக்கர வண்டியின் நீளத்தைவிட அது அதிகம். ஜப்பான் டயர்களில் 2010 முதல் வேறொரு லேபல் உண்டு. அதில் பெற்றோல் சிக்கனத்துக்கு டிரிபிள் ஏ முதல் சி வரை பெரிய எழுத்து, ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் டி வரை சின்ன எழுத்து. பெரிய எழுத்தில் டிரிபிள் ஏ வாங்கி, சின்ன எழுத்தில் சி வாங்கிய டயரும் இருக்கிறது. விற்பவர் பெரிய எழுத்தைத்தான் காட்டுவார். நீங்கள் சின்ன எழுத்தைத் தேடுங்கள். ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் டயரின் பெயரையும் அளவையும் கொம்பனியின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள்.

பக்கச்சுவரில் டிரெட்வெயர் 200, 320, 500 என்றெல்லாம் ஓர் எண் இருக்கும். எண் கூடினால் அதிக நாள் உழைக்கும் என்று அர்த்தம். 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டு, தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே கொம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் உதவும்.

அப்புறம் வயது. டி, ஓ, டி என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம். டயரைச் சுழற்றி மறுபக்கத்தையும் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழையதென்றால் முழு விலை கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். கடை வாசலில் வெயில் படும்படி தொங்கியது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெயிலும் சூடும் ரப்பரை ஓடாமலே கிழவனாக்கிவிடும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் பாவித்த டயர் வாங்குவது கொழும்பில் பழகிப்போன விஷயம். விலை அப்படி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் கறுப்புப் பொலிஷ் போட்டு மினுக்கியதை நம்ப வேண்டாம். தவாளிப்பின் அடியை விரித்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தால் வையுங்கள் கீழே. உட்பக்கத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பக்கச்சுவருக்கு உள்ளே ஒட்டுப் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். தவாளிப்புகளுக்கு இடையில் சின்ன மேடு ஒன்று இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான். புதிய டயரில் 7, 8 மில்லிமீற்றர் இருக்கும். எங்கள் மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடச் சொல்வேன்.

இனி, கடையில் அதிகம் வாக்குவாதம் நடக்கும் விஷயம். "இப்போதைக்கு ரெண்டு டயர்தான் மாத்தலாம், முன்னுக்குப் போடுங்க" என்பார்கள். நான் பின்னுக்குத்தான் போடச் சொல்வேன். "இழுக்கிறதும் முன் சக்கரம், திருப்புறதும் முன் சக்கரம், பிரேக்கும் அதிலதானே கூட?" என்று கேட்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் மழையில் முன் டயர் பிடிமானம் விட்டால் கார் வளையாமல் நேரே இழுக்கும். ஸ்டியரிங் கையில் இலேசாகும், நீங்கள் உணர்ந்து காலைத் தளர்த்துவீர்கள், திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் விட்டால் அந்த எச்சரிக்கை வராது. பயத்தில் அக்சிலேட்டரை விட்டவுடன் பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் இன்னும் இலேசாகும். வளைவில் கார் சுழன்றுவிடும். இலேசான பின்பக்கம் உள்ள சின்னக் கார்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கையில் காசு இருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரே மாதிரி இரண்டு, பின்னுக்கு.

பூட்டும்போது அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே வருகிறதா, அம்புக்குறி ஓடும் திசையைக் காட்டுகிறதா என்று நின்று பாருங்கள். வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து விலை கேளுங்கள். பழைய டயரைக் கழற்றியதும் உள்ளங்கையால் குறுக்காகத் தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பி வரும்போது அரம் மாதிரி உரசினால் அலைன்மென்ட் பிழை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

காற்று எவ்வளவு என்பது டயரில் இல்லை, சாரதியின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஜப்பான் காரில் அது கிலோபாஸ்கலில் இருக்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் 33. கார் ஓடிச் சூடாகும் முன் அளக்க வேண்டும். விமானச் சக்கரம் தேங்கிய தண்ணீரில் எந்த வேகத்தில் மிதக்கும் என்று கணக்கிட 1960களில் நாசா ஆய்வாளர்கள் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அமுக்கம்தான் அதன் மையம். அதில் 33 பிஎஸ்ஐ போட்டால் மணிக்கு 96 கிலோமீற்றர் வருகிறது, 24 போட்டால் 82. கார் டயருக்கு அகலமும் தவாளிப்பும் சேர்ந்து கணக்கு மாறும். தேய்ந்த டயர் இன்னும் முன்பே மிதக்கும். ஆனாலும் காற்றுக் குறைந்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரிகிறதுதானே? நைதரசன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் அதுதான். மாதம் இரண்டு தடவை அளந்தால் போதும்.

புது டயரில் முதல் 200, 300 கிலோமீற்றர் நிதானமாகப் போங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசும் பூச்சு மேலே இருக்கும், அது தேயும்வரை கொஞ்சம் வழுக்கும்.

பழைய டயர்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையிலேயே விட்டுவிடுங்கள். திரும்பவும் விற்கக்கூடாது என்று நினைத்தால் உங்கள் கண்முன்னே பக்கச்சுவரை வெட்டச் சொல்லலாம். கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் கூரைக்குக் கீழே வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேற்றடிக்கு வந்துவிடுவார்.