கனெக்டிங் ஃப்ளைட்ல போறீங்களா? பெட்டில கட்டுற டேக்க படிச்சுட்டு நகருங்க

ஏர்போர்ட்ல கிரவுண்ட் ஸ்டாஃபா இருக்கேன், செக்கின் கவுண்டர்லயும் நின்னிருக்கேன், பெட்டி வரலன்னு அழறவங்க வந்து நிக்கிற டெஸ்க்லயும் உக்காந்திருக்கேன். முக்கியமா பொண்ணோட பிரசவத்துக்கு முதல் தடவையா அமெரிக்கா கிளம்புற அம்மா அப்பாங்களுக்காகத்தான் இத எழுதறேன். பெட்டி பெல்ட்ல ஏறி உள்ள போனதும் இனிமே கடைசி ஊர்ல எடுத்துக்கலாம்னு நிம்மதியாயிடறாங்க, சில ரூட்ல அது சரி, சில ரூட்ல பெட்டி நடுவுலயே நின்னுடும்.

டேக்ல பெருசா மூணு எழுத்து இருக்கும், பெட்டி போய்ச் சேர வேண்டிய ஊர் அதுதான். சென்னைன்னா எம்ஏஏ, துபாய் டிஎக்ஸ்பி, நியூயார்க் கென்னடி ஜேஎஃப்கே. கூடவே நடுவுல மாறுற ஊர், ஃப்ளைட் நம்பர், பார்கோடு, அதுக்குன்னு ஒரு 10 இலக்க நம்பர். நடுவுல இருக்கற ஏர்போர்ட்ல உங்க பேர யாரும் தேடறதில்ல, ஸ்கேனர் பார்கோடப் படிக்கும், இந்த நம்பர் எந்த ஃப்ளைட்டுக்குன்னு சிஸ்டம் சொல்லும், பெட்டி அந்தப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான். அதனால போன டிரிப்போட டேக், பெட்டி ஓரத்துல ஒட்டியிருக்கற குட்டி பார்கோடு ஸ்டிக்கர் எல்லாத்தையும் வீட்லயே கிழிச்சுட்டு வாங்க, ஸ்கேனர் பழசப் படிச்சா பெட்டி திசை மாறும். கவுண்டர்ல குடுக்குற துண்டுச் சீட்டுலயும் அதே நம்பர்தான் இருக்கும், ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.

இப்போ அமெரிக்கா. டேக்ல கடைசி ஊரா டல்லாஸ்னே அடிச்சிருந்தாலும், அமெரிக்காவுல முதல்ல எந்த ஊர்ல இறங்கறீங்களோ அங்க இமிக்ரேஷன் முடிச்சு, பெல்ட்லருந்து பெட்டிய நீங்களே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, வெளிய கனெக்டிங் பேக்குக்குன்னு இருக்கற இடத்துல திரும்பப் போடணும். நாட்டுக்குள்ள வர்ற பொருள முதல் ஊர்லயே கஸ்டம்ஸ்கிட்ட காட்டணும்ங்கறது அவங்க சட்டம். எடுக்காம நேரா அடுத்த கேட்டுக்குப் போயிட்டா பெட்டி அங்கயேதான் கிடக்கும். அபுதாபி வழியா போறவங்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் அபுதாபிலயே முடிஞ்சுடறதால இந்த வேலை இல்ல. மத்தபடி அமெரிக்காவுல முதல் ஊர்ல மூணு மணி நேரமாவது கேப் இருக்கற டிக்கெட்டா எடுங்க, வயசானவங்கன்னா வீல்சேர் கேட்டு வாங்குங்க, கூட வர்ற ஆளு பெட்டி எடுக்கவும் உதவி பண்ணுவாரு. வழில டியூட்டி ஃப்ரீல பெர்ஃப்யூமோ வேற லிக்விடோ பெரிய பாட்டில் வாங்கியிருந்தா, பெட்டிய திரும்பப் போடறதுக்கு முன்னாடி அதுக்குள்ள வெச்சுடுங்க, அடுத்த செக்யூரிட்டில 100 மில்லி கணக்குல தூக்கிப் போட்டுடுவாங்க.

திரும்பி வரும்போதும் இதேதான். டெல்லிலயோ மும்பைலயோ இறங்கி மதுரை, கோவைன்னு மாறுறீங்கன்னா பெரும்பாலும் முதல்ல இறங்கற ஊர்லயே பெட்டிய எடுத்து கஸ்டம்ஸ் முடிச்சு திரும்பக் குடுக்கணும். கவுண்டர்லயே "இந்தப் பெட்டிய நான் எந்தெந்த ஊர்ல கையில எடுக்கணும்"னு கேட்டு, பதில ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க, கேக்கறதுல ஒரு கூச்சமும் வேண்டாம்.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமாகற கேஸ் வேற ஒண்ணு. காசு மிச்சமாகும்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் எடுத்துட்டு வர்றவங்க, சென்னைலருந்து ஃப்ராங்க்ஃபர்ட் ஒரு பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்), அங்கருந்து டொரன்டோ இன்னொரு பிஎன்ஆர். நிறைய ஏர்லைன்ஸ் இப்படி வந்தா பெட்டிய ஃப்ராங்க்ஃபர்ட் வரைக்கும்தான் டேக் பண்ணும். அங்க பெட்டி எடுக்கணும்னா ஜெர்மனிக்குள்ள நுழையணும், அதுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி மாதிரி பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேணும், கையில கனடா விசாதான் இருக்கு. கவுண்டர்லயே நிறுத்திடுவோம், வேற வழி இல்ல. முதல் தடவை போற குடும்பம் பெட்டியெல்லாம் வெச்சுக்கிட்டு ஓரமா நின்னு ஏஜென்ட்டுக்கு போன் போடறத பாக்கவே முடியாது. டிக்கெட் எடுக்கும்போதே ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே புக்கிங்கா, பெட்டி கடைசி வரைக்கும் போகுமான்னு ஏஜென்ட்கிட்ட கேட்டு மெசேஜா வாங்கி வெச்சுக்குங்க.

டிரான்சிட்ல கடைல நின்னு நேரத்த விட்டுடாதீங்க. ஆள் ஏறலன்னா அவரு பெட்டிய தேடி இறக்கிட்டுத்தான் விமானம் கிளம்பும். 1984 ஆகஸ்ட்ல இதே மீனம்பாக்கத்துல, செக்கின் பண்ணிட்டு ஏறாம போன ஒருத்தனோட பெட்டி வெடிச்சு 30 பேருக்கு மேல செத்தாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல வான்கூவர்ல ஒருத்தன் கனெக்டிங்ல பெட்டிய மட்டும் அனுப்பிட்டு தான் ஏறல, அந்தப் பெட்டி ஏர் இந்தியாவோட கனிஷ்கா விமானம் வரைக்கும் போயி வெடிச்சு 329 உயிர் போச்சு. பெட்டிய இறக்க லேட்டாகும்போது ஸ்டாஃப்கிட்ட சத்தம் போடறவங்க தயவுசெஞ்சு இத நினைச்சுப் பாருங்க.

அப்புறம், பெட்டி வரலன்னா என்ன பண்றது. ஹால விட்டு வெளிய போறதுக்கு முன்னாடியே பேக்கேஜ் டெஸ்க்ல பிஐஆர்னு சொல்ற, பெட்டி வரலங்கற புகார் ரிப்போர்ட் போடணும், அஞ்சு எழுத்தும் அஞ்சு நம்பருமா ஒரு ரெஃபரன்ஸ் குடுப்பாங்க, அத வெச்சு ஆன்லைன்லயே பாக்கலாம். கடைசியா உங்களக் கொண்டுவந்த ஏர்லைன்ஸ்கிட்டதான் போடணும், முதல் ஃப்ளைட்ல தப்பு நடந்திருந்தாலும். மான்ட்ரியல் ஒப்பந்தம்னு விமானப் பயண நஷ்டஈட்டுக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, அதுப்படி பெட்டி உடைஞ்சிருந்தா 7 நாளைக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், லேட்டா வந்தா கையில கிடைச்ச நாள்லருந்து 21 நாளைக்குள்ள. வர வேண்டிய நாள்லருந்து 21 நாள் தாண்டியும் வரலன்னா தொலைஞ்சதா கணக்கு, நஷ்டஈடு உச்சபட்சம் ஒரு ஆளுக்கு 1519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்போட கணக்கு அலகு), சுமாரா ரெண்டாயிரம் டாலர் பக்கம். அதுவும் பில் காட்டணும், அதனால நடுவுல வாங்குற துணி, பிரஷ் எல்லாத்துக்கும் பில் வெச்சுக்குங்க. நகையும் மாத்திரையும் கைப்பையில, பவர் பேங்கும் அங்கதான், பெட்டில போடவே கூடாது. மூடறதுக்கு முன்னாடி பெட்டிய ஒரு போட்டோ எடுத்துட்டு, போற ஊர் அட்ரஸும் அங்க இருக்கறவங்க போன் நம்பரும் எழுதின பேப்பர் ஒண்ணு உள்ள போடுங்க. நிறைய பேரு சென்னை அட்ரஸ எழுதிடறாங்க, வெளி டேக் கிழிஞ்சு போனா பெட்டிய தொறந்து பாக்கற ஆளு நீங்க போற ஊர் நம்பருக்குத்தான் சுலபமா கூப்பிட முடியும்.